பேஸ்மென்டில் தண்ணீர்ப் போத்தல்: எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது

ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கம் எங்கள் ஆட்களின் வீட்டுப் பேஸ்மென்டுக்குள் இறங்கினால் ஒரு மூலையில் தண்ணீர்ப் போத்தல் கேஸ்கள் அடுக்கியிருக்கும். மலிவு விலை போட்ட நேரம் வாங்கியவை சில, பிறந்தநாள் விழாவுக்கு வாங்கி மிஞ்சியவை சில, ஆபத்து அந்தரத்துக்கு உதவும் என்று வேண்டுமென்றே வாங்கி வைத்தவை சில. அது நல்ல பழக்கம்தான். ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீர் நம்பிக் குடிக்கக் கூடியது. ஆனாலும் 2003 ஓகஸ்ற் 14 மாலை நாலு மணி தாண்டியதும் மின்சாரம் போனபோது, மாடிக் கட்டடங்களின் மேல்தளங்களில் குழாயைத் திறந்தவர்களுக்குக் காற்றுத்தான் வந்தது. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுவது கட்டடத்தின் மின்பம்பு. அதற்கு மூன்று வருடம் முன்னர், 2000 மே மாதத்தில், இதே ஒன்ராறியோவின் வாக்கர்ற்றன் ஊரில் மாட்டெரு கலந்த மழைநீர் ஊர்க் கிணற்றில் இறங்கி, ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். ஆகவே வீட்டில் தண்ணீர் இருக்கட்டும். அதை எங்கே, எப்படி வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எல்லோரும் முதலில் கேட்பது திகதியைப் பற்றி. போத்தலில் அச்சடித்த நாள் கடந்துவிட்டால் தண்ணீர் கெட்டுவிட்டதா? இல்லை. மூடி உடைக்காத போத்தல் தண்ணீருக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கெடுநாள் எதையும் விதிக்கவில்லை. கனடாவிலும் தொண்ணூறு நாளுக்குள் கெடக்கூடிய உணவுக்குத்தான் அந்தத் திகதி கட்டாயம், தண்ணீர் அந்த வகைக்குள் வராது. இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள் என்கிறது ஹெல்த் கனடா. அதற்குக் காரணம் தண்ணீரைவிட போத்தல்தான். இரண்டு மூன்று வருடம் கிடந்த போத்தல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கங்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும், மேலே காற்றிடம் கூடியிருக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், எங்கும் ஒழுகியிராது. தண்ணீர் ஆவியாகி, பிளாஸ்ரிக் சுவரின் ஊடாகவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கிறது. உள்ளிருந்து வெளியே போக வழி இருக்கிறது என்றால், வெளியிலிருந்து உள்ளே வரவும் வழி இருக்கிறது.

அந்த வழியால் வருவது மணமும் அதைச் சுமக்கும் வாயுக்களும். பெற்றோல், பெயின்ற், தினர், வார்னிஷ், பூச்சிமருந்து போன்றவற்றிலிருந்து எழும் ஆவி மெல்லிய பிளாஸ்ரிக்கைக் கடந்து தண்ணீரில் சேரும். போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். கண்ணாடி போல் தெளிவான சின்னப் போத்தல்களில் அது 1. பால் நிறத்தில் மங்கலாகத் தெரியும் நாலு லீற்றர்க் கலன்களில் பெரும்பாலும் 2. இந்த இரண்டாவது வகை மணத்தை இன்னும் எளிதாக உள்ளே விடும். எங்கள் பேஸ்மென்ட்களில் இந்த விஷயத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஏனென்றால் வீட்டில் வேறெங்கும் வைக்க முடியாத எல்லாம் அங்கேதான் இறங்குகின்றன. வீடு திருத்தியபோது மிஞ்சிய பெயின்ற் வாளி, புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெற்றோல் கலன், பூச்சி உருண்டை போட்டுப் பூட்டிய கூறைச்சேலைப் பெட்டி, மீன் பொரிப்பதற்கென்றே கீழே வைத்த இரண்டாவது அடுப்பு. பெற்றோலை வீட்டுக்குள் வைப்பதே ஆபத்து, தண்ணீர்க் கதை இல்லாவிட்டாலும் அதை வெளியே எடுங்கள். மற்றவற்றைத் தண்ணீருக்கு எதிர்ப்பக்கச் சுவரோடு வையுங்கள், முடிந்தால் வேறு அறையில். சலவைத்தூளும் பிளீச்சும் இருக்கும் அலுமாரியில் குடிதண்ணீரை வைக்கவே வேண்டாம்.

சூட்டைப் பற்றிய பயம் பேஸ்மென்டில் அவ்வளவு பொருந்தாது. தெளிவான பிளாஸ்ரிக்கைத் தயாரிக்க அன்ரிமனி என்ற உலோகத்தின் சேர்மம் பயன்படுகிறது, அதில் மிக நுண்ணிய அளவு தண்ணீரில் இறங்கும் என்பது உண்மை. குடிதண்ணீரில் அதற்குக் கனடா வைத்திருக்கும் உச்ச வரம்பு லீற்றருக்கு 6 மைக்ரோகிராம். ஆய்வுகூடத்தில் அந்த வரம்பைத் தாண்ட வைப்பதற்கு அறுபது பாகைக்கு மேற்பட்ட சூட்டில் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. பேஸ்மென்ட் வருடம் முழுக்கப் பதினைந்து, இருபது பாகைக்குள் நிற்கும் இடம். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கோடை முழுக்கக் கிடக்கும் கேஸ் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பேஸ்மென்டில் பார்க்க வேண்டியவை ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் நிற்கும் அறை ஒன்று, வெயில் விழும் சின்ன யன்னலின் நேர்கீழ் இன்னொன்று. இந்த இரண்டு இடங்களையும் தவிர்த்தால் சூடும் வெளிச்சமும் பிரச்சினை இல்லை.

அடுத்தது தரை. கொங்கிறீற் தரையில் பிளாஸ்ரிக்கை வைத்தால் தரையிலிருந்து இரசாயனம் தண்ணீருக்குள் ஏறும் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தரையில் வைக்கக் கூடாது என்ற முடிவு சரிதான், காரணம் ஈரம். நிலத்துக்குள் இருக்கும் தரை எப்போதும் குளிர்ந்திருக்கும். ஜூலை மாதத்துப் புழுக்கக் காற்று அதில் பட்டால் வியர்க்கும். கேஸின் அடியில் மட்டை இருந்தால் அந்த ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக் உறையின் மடிப்புகளில் நீர் தேங்கி, மேலே காய்ந்திருப்பது போல் தெரிந்தாலும் கீழ்வரிசைப் போத்தல்களின் அடி கறுத்துப் போயிருக்கும். பூஞ்சணம் மூடியைத் தாண்டி உள்ளே போவது அரிது. ஆனால் அந்தப் போத்தலைத் திறந்து வாயில் வைக்கிறவர் அதையும் சேர்த்து வாயில் வைக்கிறார். மரச்சட்டத் தட்டு ஒன்றைப் போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டு அடுக்கினாலே போதும், காற்று ஓடும்.

உயரமாக அடுக்கும்போது நிறையை மறக்க வேண்டாம். அரை லீற்றர்ப் போத்தல் இருபத்திநாலு கொண்ட கேஸ் 12 கிலோ, நாற்பது கொண்டது 20 கிலோ. இப்போதைய போத்தல்களின் சுவர் மிக மெல்லியது. நாலு ஐந்து கேஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் கீழ்வரிசையில் ஒரு போத்தல் மடிந்து, மடிந்த இடத்தில் ஊசித்துளை விழும். அது சொட்டிச் சொட்டி வடிந்து, தரை நாறும்போதுதான் தெரியவரும். இரண்டு, மிஞ்சினால் மூன்று.

இனி பேஸ்மென்ட் தண்ணீருக்கு உண்மையான எதிரி. அது வெள்ளம். குளிர்ச்சி, இருட்டு, இடவசதி எல்லாவற்றிலும் வீட்டில் இதைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் வீட்டில் முதலில் தண்ணீர் ஏறுவதும் இங்கேதான். 2013 ஜூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது, ஒரு மாதத்து மழைக்கும் அதிகம். 2024 ஜூலை 16 அன்று கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர். இரண்டு தடவையும் நகரில் ஏராளமான பேஸ்மென்ட்கள் நிறைந்தன, இரண்டு தடவையும் மின்சாரமும் போனது. மழையும் மின்வெட்டும் சேர்ந்து வந்ததைக் கவனியுங்கள். பேஸ்மென்டில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போகும் புயல் இரவில் அதுவும் நின்றுவிடும். சேமித்த தண்ணீர் தேவைப்படுகிற அதே மணித்தியாலத்தில்தான் சேமித்த இடம் நிறையும்.

நிறைவது வெறும் மழைநீரும் அல்ல. தெருவின் கழிவுக் குழாய் கொள்ளாமல் போனால், தரையில் இருக்கும் வடிகால் துவாரத்தின் வழியாகக் கழிவுநீர் பின்னோக்கி வீட்டுக்குள் ஏறும். அந்தத் தண்ணீர் ஒரு தடவை தொட்ட போத்தலைக் குடிக்க வைத்திருக்க முடியாது. மூடி உடைபடாமல், சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாலும்தான். இது பலருக்கு மனம் ஒப்பாத செய்தி, அதனால் காரணத்தைக் கண்ணால் காட்ட வேண்டும். ஒரு போத்தலின் மூடியை உற்றுப் பாருங்கள். மூடிக்குக் கீழே உடைபடும் வளையம் ஒன்று, வளையத்துக்கும் மூடிக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி, அதற்கு உள்ளே திருகுப்புரி. கழிவுநீர் அந்தப் புரி வரை போய் அங்கேயே தங்கும். தூரிகையோ பிளீச் கலந்த தண்ணீரோ அந்த இடத்தை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. மூடியைத் திருகும்போது அங்கே இருந்த அழுக்கு போத்தலின் வாய்க்கு வந்து சேரும். அதனால்தான் வெள்ளத்துக்குப் பின்னரான அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அறிவுரை, திருகுமூடி போட்ட கலன்கள் எல்லாவற்றையும் எறியச் சொல்கிறது. நெளியாத மீன்ரின்னை லேபிளை உரித்துக் கழுவிக் கிருமி நீக்கிப் பயன்படுத்தலாம். தண்ணீர்ப் போத்தலுக்கு அந்தச் சலுகை இல்லை.

எனவே உயரம். சுவரில் திருகிய உறுதியான இரும்பு றாக்கையின் இரண்டாம் தட்டு, அதாவது முழங்காலுக்கு மேலே, தண்ணீருக்கு. அடித்தட்டில் நனைந்தாலும் பரவாயில்லாத சாமான்கள். வடிகால் துவாரத்திலிருந்தும் சம்ப் குழியிலிருந்தும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. ஆனால் எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் எல்லாவற்றையும் பேஸ்மென்டிலேயே வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மூன்று நாளுக்குக் குடிக்கத் தேவையானது மேல்தளத்தில், சப்பாத்து அலுமாரியிலோ கட்டிலுக்குக் கீழேயோ இருக்க வேண்டும். பேஸ்மென்டில் வெள்ளம் வந்து, மின்செருகிகள் வரை ஏறியிருந்தால் தண்ணீர் எடுக்க இறங்குவது உயிருக்கே ஆபத்து. இரண்டு கேஸ் தண்ணீருக்காக யாரும் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வைப் பொருத்துவதற்கு ரொறன்ரோ நகரசபை செலவின் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. பழைய வீடுகளில் இருப்போர் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு வைப்பது? கனடா அரசின் ஆயத்த வழிகாட்டி ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 2 லீற்றர், சமைக்கவும் கழுவவும் இன்னொரு 2 லீற்றர் என்று கணக்கிடச் சொல்கிறது, குறைந்தது மூன்று நாளுக்கு. அம்மா, அப்பா, ஒரு பிள்ளை, அம்மம்மா இருக்கும் வீட்டுக்கு 48 லீற்றர். அதில் 24 லீற்றர்தான் வாயில் வைப்பது. அதாவது இருபத்திநாலு போத்தல் கொண்ட இரண்டு கேஸ். மற்றப் பாதியைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, குழாயில் பிடித்து வைக்கலாம். உணவுக்கென்று விற்கும் கலனை வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மணமில்லாத பிளீச் கலந்து உள்ளே குலுக்கி ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீரால் அலசி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, திகதி எழுதி மூடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மணிக்கூட்டு நேரம் மாற்றும் மார்ச், நவம்பர் மாதங்களில் புகை எச்சரிக்கைக் கருவியின் பற்றரியோடு இதையும் மாற்றுவதென்று வைத்துக்கொண்டால் மறக்காது. பால் வந்த கலனையும் பழச்சாறு வந்த கலனையும் இதற்கு எடுக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் பாலின் எச்சம் பிளாஸ்ரிக்கில் தங்கிக் கிருமிக்குத் தீனியாகும். பழைய கலனில் இருந்து கொட்டும் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை, பூச்சாடிக்கு ஊற்றலாம்.

போத்தல் கேஸ்களிலும் பழையதை முன்னே இழுத்து, புதியதைப் பின்னே வைக்கும் ஒழுங்கு வேண்டும். புதுக் கேஸ் எப்போதும் மேலே ஏறுவதால் அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து வருடங்களைக் கடத்துகிறது. வாங்கிய மாதத்தை உறையில் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள்.

பல வீடுகளில் முன்வாசல் திண்ணைக்குக் கீழே கோல்ட் ரூம் என்று ஒரு குளிர் அறை உண்டு. வெங்காயம், கிழங்கு வைப்பதற்குக் கட்டியது. தண்ணீருக்கும் அது உதவும், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஜனவரிக் கடுங்குளிரில் அதன் வெளிச்சுவர் உறைநிலைக்குப் போகலாம். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட ஒன்பது வீதம் பருக்கும், நிரம்பிய கலன் பிளந்துவிடும். உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். மற்றது, அந்த அறையின் கூரையில் நீர் கோர்த்துச் சொட்டும் வீடுகள் பல, அங்கே பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். கராஜ் வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் உறையும், கோடையில் வேகும், வருடம் முழுக்க வாகனப் புகை.

பேஸ்மென்டில் இன்னொரு தண்ணீர்ச் சேமிப்பு இருப்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. சுடுதண்ணீர்த் தாங்கி. சாதாரண அளவிலான தாங்கி 150 முதல் 190 லீற்றர் வரை கொள்ளும். குழாயில் வந்த நல்ல தண்ணீர்தான் அதற்குள் இருக்கிறது. தேவைப்பட்டால் முதலில் தாங்கியின் எரிவாயுக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள், மின்சாரத் தாங்கி என்றால் அதற்குரிய பிரேக்கரை. பிறகு மேலே குளிர்நீர் நுழையும் குழாயின் வால்வைப் பூட்டுங்கள். தண்ணீர் ஆறும் வரை பொறுங்கள், அது உடலை அவிக்கும் சூட்டில் இருக்கும். மேல்தளத்தில் ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போகும், அப்போதுதான் கீழே வடியும். தாங்கியின் அடியில் ஒரு வடிகால் திறப்பு உண்டு, அதன் கீழ் தட்டையான சுத்தமான சட்டியை வைத்துத் திறவுங்கள். முதலில் செம்மண் நிறத்தில் படிவு வரும், அதை ஊற்றிவிட்டுத் தெளிந்து வருவதைப் பிடியுங்கள். தாங்கி மறுபடி நிரம்பும் வரை அதன் சூடேற்றியை இயக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்படி அறிவித்தல் வந்த நாட்களில் இந்தத் தண்ணீரையும் கொதிக்க வைக்க வேண்டும், வெள்ளத்தில் நின்ற தாங்கியில் கையே வைக்கக் கூடாது. தாங்கி இல்லாமல் ஓட ஓடச் சூடாக்கும் புதிய வகை வீட்டில் இருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை, கூடுதலாகப் போத்தல் வைக்க வேண்டும்.

சேமித்த தண்ணீர் முடிந்து, சந்தேகமான தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுவதே முதல் வழி. அடுப்பு இல்லாவிட்டால் லீற்றருக்கு இரண்டு துளி மணமில்லாத பிளீச் விட்டுக் கலக்கி, அரை மணித்தியாலம் வைத்துக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் முதலில் சுத்தமான துணியில் வடித்து, நாலு துளி. இது கிருமியைக் கொல்லும். பெற்றோல், பூச்சிமருந்து போன்றவை கலந்திருந்தால் கொதிக்க வைத்தாலும் பிளீச் விட்டாலும் அவை போகா.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒன்று. போத்தல் தண்ணீர் சுத்தமானது, ஆனால் கிருமியே இல்லாதது என்று பொருள் இல்லை. மாப்பால் கரைப்பதற்கு அதையும் கொதிக்க வைத்து ஆற்றித்தான் எடுக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போரும் உறுப்பு மாற்றிக்கொண்டோரும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். போத்தல் தண்ணீரைக் குழந்தைக்குக் கொதிக்க வைத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அடுப்பு வேலை செய்யுமா என்பதையும் இப்போதே யோசியுங்கள். எரிவாயு அடுப்பாக இருந்தாலும் பொறிக்கு மின்சாரம் கேட்கும், தீப்பெட்டி ஒன்று தண்ணீரோடு இருக்கட்டும். திறந்த போத்தலில் வாய் வைத்துக் குடித்தால் அன்றே முடித்துவிடுங்கள், ஊற்றிக் குடித்தால் குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

பேஸ்மென்டையே வாடகைக்கு எடுத்து வாழும் குடும்பங்களும் மாணவர்களும் எங்களுக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேஸ்மென்டில் தண்ணீர் வைப்பது என்றால் வீட்டில் தண்ணீர் வைப்பது. மேல்தளம் அவர்களுடையதல்ல. வெள்ளம் வந்தால் கட்டிலும் அடுப்பும் தண்ணீரும் ஒன்றாக நனையும். அவர்களுக்கு நான் சொல்வது, சமையலறை மேல் அலுமாரியின் ஒரு தட்டை முழுதாகத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள், ஆளுக்கு ஆறு லீற்றர் அங்கே ஏறும். வெளியே ஓட வேண்டி வந்தால் கையில் எடுக்க நாலு போத்தல் கதவடியில், ஆணியில் தொங்கும் ஒரு பையில் இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கழிவுநீர் தடுக்கும் வால்வு இருக்கிறதா, சம்ப் பம்புக்குப் பற்றரி உண்டா, மேலே உங்கள் பெயர் எழுதிய ஒரு கேஸ் வைக்க இடம் தருவாரா. மேலே இருப்பவர்களும் இதை அவர்கள் வந்து கேட்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் மாத வாடகை வாங்கும் அன்றே வால்வு எங்கே இருக்கிறது, பிரேக்கர் பெட்டி எங்கே இருக்கிறது என்று கூட்டிச் சென்று காட்டி, மாடியில் ஒரு மூலையை அவர்களுடைய தண்ணீருக்கு விட்டுக் கொடுக்கலாம்.